மூன்று மாதம் என்றது தங்குமானி

எஸ்தர் ஞானசெல்வி தாராபுரத்தில் வந்து இறங்கிய அன்று தங்குமானி முப்பத்தொரு மாதம் என்று காட்டியது. அலுவலகத்தில் எல்லோருக்கும் வாயெல்லாம் பல். இயக்குநர் நாச்சிமுத்து தன் கையாலேயே மேசை மேசையாகப் போய் மைசூர்பாகு கொடுத்தார். ஏழாவது வாரம் அதே தங்குமானி பதினொன்று என்றது. அன்றைக்கு வந்த காபி ஆறிப்போய்த் திரும்பிப் போனது.

கோகிலவாணிக்குத்தான் கவலை. கணினிச் சில்லு செய்யும் தாராபுரம் தொழில்நுட்ப வட்டாரத்தின் வரவேற்புப் பிரிவுக்கு அவள்தான் பொறுப்பாளர். வெளியூரிலிருந்தும் வெளிநாட்டிலிருந்தும் வருகிற நிபுணர்களை அழைத்து வந்து, வீடு பார்த்துக் கொடுத்து, ஊரோடு ஒட்டவைப்பது அவள் வேலை. வருகிறவர்கள் நிலைத்தால் பெயர் இயக்குநருக்கு. கிளம்பிப் போனால் கேள்வி கோகிலவாணிக்கு. எல்லா அலுவலகத்திலும் இப்படித்தான், இதில் புதுமை ஒன்றும் இல்லை.

தங்குமானி என்றால் வெப்பமானி மாதிரி கையில் பிடிக்கிற சாமான் அல்ல. டெல்லியில் இருக்கும் பணியாளர் வாரியம் நடத்துகிற ஒரு கணிப்பு. ஒரு காலத்தில் படித்தவர்கள், கைத்திறன் உள்ளவர்கள் எல்லோரும் நாலே நாலு பெருநகரங்களில் போய் நெருக்கியடித்துக்கொண்டு கிடந்தார்கள். இதைச் சரிசெய்யத்தான் சின்ன ஊர்களில் தொழில்நுட்ப வட்டாரங்கள் வந்தன. வட்டாரம் வந்தது, கட்டடம் வந்தது, ஆள் மட்டும் நிற்கவில்லை. உடனே வாரியம் தங்குமானியைக் கண்டுபிடித்தது. ஒரு குறிப்பிட்ட ஆள் ஒரு குறிப்பிட்ட ஊரில் இன்னும் எத்தனை மாதம் இருப்பார் என்று வியாழக்கிழமைதோறும் காலையில் அது ஓர் எண்ணைச் சொல்லும். அதற்காக அது எதையெல்லாம் பார்க்கும் என்று கேட்பதைவிட எதைப் பார்க்காது என்று கேட்பது சுலபம். நூற்றுக்குத் தொண்ணூற்று மூன்று முறை சரியாக இருக்கும் என்று வாரியத்துக்குப் பெருமை தாங்காது.

சரியாக இருக்காமல் என்ன செய்யும்? போன வருடம் போபாலிலிருந்து ஹர்ஷல் என்று ஓர் இளைஞர் வந்தார். முதல் வாரமே தங்குமானி ஆறு என்றது. ஆறு மாதத்தில் போகிறவருக்கு எதற்கு என்று பெரிய வேலை எதையும் அவரிடம் கொடுக்கவில்லை. விடுதி அறையே போதும் என்று விட்டார்கள். கூட வேலை செய்தவர்கள்கூடப் பட்டும் படாமலும் பழகினார்கள். சரியாக ஆறாவது மாதம் அவர் பெட்டியைக் கட்டினார். கோகிலவாணிதான் சால்வை போர்த்தி வழியனுப்பினாள். பேருந்து ஏறும்போது அவர் முகத்தைப் பார்க்க அவளுக்கு வெட்கமாக இருந்தது. தங்குமானி மட்டும் மறுபடி ஜெயித்தது.

எஸ்தர் விஷயம் அதைவிடப் பெரியது. பதினொன்று வந்த அன்று நாச்சிமுத்து கோகிலவாணியைத் தன் அறைக்குக் கூப்பிட்டார். ஐம்பத்தேழு வயது, சாந்தமான மனிதர். கவலை வந்தால் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே இருப்பார்.

"ஏனுங் கோகிலா, மாசக் கடைசிக்குள்ள இருவத்தி நாலு வேணுங்கறது தெரியுமில்ல?"

"தெரியுங் சார். ஆனா அதென்ன இருவத்தி நாலு கணக்கு?"

"எஸ்தரம்மாவ நம்பி நமக்கு வரப்போற ஒளி அச்சு எந்திரம் இருக்குதில்ல, அது சும்மா எறக்கி வெச்சு சுச்சு போடற சாமான் இல்லீங்க. வெளிச்சத்த வெச்சே சில்லு மேல கோடு போடற எந்திரம். மயிர எடுத்து ஆயிரமாக் கிழிச்சா ஒரு கோடு. அத நிறுத்தி, ஓட்டி, நம்ம புள்ளைங்களுக்குக் கத்துக்குடுத்து முடிக்கறக்கே ரெண்டு வருசம் ஆகும். அந்த வேலை தெரிஞ்சவங்க நாட்டுலயே ஒம்பது பேரு, அதுல இந்தம்மா ஒருத்தர். நடுவுல ஒருத்தர் எந்திரிச்சுப் போயிட்டாருன்னா எந்திரம் வெறும் இரும்பு. அதனால ஆளு நெலைக்கற ஊருக்குத்தான் எந்திரம்னு வாரியம் ஒத்தக் கால்ல நிக்குது."

"இல்லாட்டி?"

"இல்லாட்டி பெரிய ஊருக்குப் போயிரும். நம்ம பாலிடெக்னிக்ல நானூறு புள்ளைங்க இதையே நம்பிப் படிச்சுட்டு இருக்குதுங்க. அதுங்களும் பின்னாலயே போகோணும்." அவர் கண்ணாடியைத் துடைத்தார். "எதாச்சும் பண்ணுங் கோகிலா. அந்தம்மாளுக்கு ஒரு கொறையும் இருக்கக் கூடாது."

குறையா? குறை வைத்தால்தானே! வள்ளியூர்க்காரரான எஸ்தர் பன்னிரண்டு வருடம் ஜெர்மனியில், டிரெஸ்டனில் இருந்தவர். கணவரும் இரண்டு பெண்பிள்ளைகளும் இன்னும் அங்கேதான் இருந்தார்கள். தனியாக வந்திருக்கிறாரே என்று கோகிலவாணி உருகிப்போய்விட்டாள். அமராவதி ஆற்றங்கரையில் மாடி வீடு. வள்ளியூர்ப் பக்குவத்தில் மீன்குழம்பு வைக்க ஒரு சமையல்காரம்மா. வாசலில் எந்நேரமும் கார். ஞாயிற்றுக்கிழமை என்றால் ஏதாவது ஒரு வீட்டில் விருந்து. தட்டைக் கழுவ எழுந்தால் கையிலிருந்து பிடுங்கிக்கொள்வார்கள். கடைக்குப் போய்ச் சீப்பு வாங்க நினைத்தால் மறுநாள் காலை நான்கு சீப்பு வீட்டு வாசலில் இருக்கும். கொங்குநாட்டு மரியாதை என்றால் சும்மாவா?

வாரா வாரம் எஸ்தர் கருத்துப் படிவம் நிரப்பிக் கொடுப்பார். "எல்லாம் மிகச் சிறப்பு. நன்றி." கோகிலவாணி அதையெல்லாம் கோப்பில் பத்திரமாகச் சேர்த்து வைத்தாள். அதைப் படிக்கும்போது நெஞ்சு நிறையும். வியாழக்கிழமை வந்தால் எண் இறங்கியிருக்கும். இன்னும் என்ன செய்வதென்று அவளுக்குத் தெரியவில்லை. இரண்டாவதாக ஒரு சமையல்காரம்மாவைத் தேடிக்கொண்டிருந்தாள்.

அந்த வாரம்தான் அவளுடைய தம்பி குழந்தைவேலுக்குக் கல்யாணம். எஸ்தரை அழைக்காமல் இருக்க முடியுமா? மண்டபத்தில் முதல் வரிசையில், சோபாவில், மின்விசிறிக்கு நேர் கீழே உட்காரவைத்தாள். பக்கத்தில் இளநீர். மாப்பிள்ளையின் அக்கா என்பதால் கோகிலவாணிக்கு மேடையில் இணைச்சீர்ச் சடங்கு இருந்தது. பட்டுச் சேலையும் தலைமேல் கூடையுமாக அவள் நின்றுகொண்டிருந்தபோது, சமையல்கட்டுப் பக்கம் ஏதோ களேபரம் கேட்டது. பந்தி பரிமாற வரவேண்டிய ஆட்களின் வேன் குண்டடத்துக்குப் பக்கத்தில் நின்றுபோய்விட்டதாம். முதல் பந்தியில் இருநூறு பேர் இலை போட்டு உட்கார்ந்தாகிவிட்டது. சித்தப்பா, மாமன், மச்சான், பக்கத்து வீட்டுக்காரர் என்று ஆளாளுக்கு வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வாளியைத் தூக்கினார்கள்.

சீர் முடிந்து அவள் கீழே இறங்கினாள். சோபா காலியாக இருந்தது. பந்தியில், சேலை முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு, ரச வாளியோடு நின்றுகொண்டிருந்தார் எஸ்தர்.

கோகிலவாணி ஓடினாள். "ஐயோ மேடம், அதக் குடுங்க! நீங்க போயி உக்காருங்க. யாராச்சும் பாத்தா என்னையத்தான் வைவாங்க."

எஸ்தர் வாளியை விடவில்லை. "உக்காரு உக்காருன்னு ரெண்டு மாசமா உக்காந்துக்கிட்டே இருக்கேன் கோகிலா. இடுப்பு வலிக்கி. ஒரு டம்ளர் தண்ணி நானா எடுத்துக் குடிக்க விட்டீயளா? நான் உங்க ஊருக்கு வேல செய்ய வந்தேனா, இல்ல பொண்ணு பாக்க வந்த மாப்பிள்ள வீட்டு ஆளா?"

கோகிலவாணிக்குச் சுருக்கென்றது. பதில் சொல்வதற்குள் வரிசையின் கடைசியிலிருந்து ஒருவர் கத்தினார். காங்கேயத்திலிருந்து வந்திருந்த தூரத்து உறவினர். எஸ்தர் யார் என்று அவருக்குத் தெரியாது.

"ஏனம்மா, ரசத்தக் கையில ஊத்துனா நான் எப்பிடிக் குடிக்கறது? சுடுது பாரு! பாத்து ஊத்து சாமி!"

கோகிலவாணிக்கு உயிரே போய்விட்டது. நாட்டிலேயே ஒன்பது பேரில் ஒருவரைப் பந்தி நடுவில் வைத்து ஒருமையில் திட்டிவிட்டாரே! ஆனால் எஸ்தர் சிரித்தார். வாயை மூடாமல், தோள் குலுங்க, பக்கத்து இலைக்காரர்கள் திரும்பிப் பார்க்கிற மாதிரிச் சிரித்தார். இரண்டு மாதத்தில் அவர் அப்படிச் சிரித்து கோகிலவாணி பார்த்ததே இல்லை. மூன்று பந்திக்கும் ரசம் அவர்தான்.

திங்கட்கிழமை காலை எஸ்தர் சமையல்காரம்மாவுக்கு விடை கொடுத்தார். காரைத் திருப்பி அனுப்பினார். ஆற்றங்கரை வீட்டைக் காலி செய்துவிட்டு, பொள்ளாச்சி ரோட்டில் ஒரு வரிசை வீட்டுக்குத் தானே போய் முன்பணம் கொடுத்துக் குடியேறினார். கோகிலவாணி மனதுக்குள் நிம்மதிப் பெருமூச்சு விட்டாள். இனிமேல் எண் ஏறும் என்று நம்பினாள்.

ஏறவில்லை. வியாழக்கிழமை எட்டு. அடுத்த வியாழன் ஐந்து.

காரணம் எல்லோருக்கும் தெரிந்ததுதான். எஸ்தர் புகார் எழுத ஆரம்பித்திருந்தார். தெருச் சாக்கடை அடைத்துக்கொண்டிருக்கிறது என்று நகராட்சிக்கு. வட்டாரத்து வாசலில் நகரப் பேருந்து நிற்பதில்லை என்று போக்குவரத்து அலுவலகத்துக்கு. உணவகத்துச் சாம்பாரில் பருப்பைத் தேட வேண்டியிருக்கிறது என்று நாச்சிமுத்துவுக்கே. ஆய்வுக்கூடத்துப் பிள்ளைகளுக்கு மாலை ஆறு மணிக்கே விளக்கை அணைத்தால் எப்போது படிப்பார்கள் என்று இன்னொன்று. வரவேற்புப் பிரிவையும் விடவில்லை. "பூங்கொத்து அனுப்புவதை நிறுத்தவும். வீட்டில் வைக்க இடமில்லை."

மாதத்தின் கடைசி வியாழக்கிழமை. எண் மூன்று.

"பதினேழு புகாருங் கோகிலா," என்றார் நாச்சிமுத்து. "தங்குமானி புகாரப் பாத்துச்சுன்னா மனசு விட்டுப் போச்சுன்னு எடுத்துக்குமாம். எடுத்துக்காம என்ன பண்ணும்? நாளைக்குச் சாயங்காலம் அஞ்சு மணிக்குள்ள எந்திரம் கேக்கற மனுவோட எண்ணச் சேத்து அனுப்போணும். மூணுன்னே அனுப்பிருவோம். நம்ம குடுப்பினை அவ்வளவுதான்."

"அவங்ககிட்டயே ஒரு வார்த்த கேட்டா என்னங் சார்? இருப்பீங்களான்னு?"

"விதி இருக்குதில்ல? அவங்க எண்ண அவங்களுக்குச் சொல்லக் கூடாது, இருப்பீங்களான்னும் கேக்கக் கூடாது. கேட்டா மரியாதைக்காக இருப்பேன்னு சொல்லிப்போடுவாங்க, கணிப்பு கெட்டுப்போயிரும்."

கோகிலவாணி தன் இடத்துக்குத் திரும்பினாள். ஏற்கெனவே போனவர்களின் கோப்புகளை எடுத்து ஒவ்வொன்றாகப் புரட்டினாள். எங்கே தவறினோம் என்று தெரிந்தால் போதும் என்று இருந்தது. ஐந்து வருடத்தில் பதினான்கு பேர் போயிருந்தார்கள். "எல்லாம் அருமை." "மனமார்ந்த நன்றி." "தாராபுரத்து மக்களின் அன்பை மறக்க முடியாது." ஹர்ஷல் ஒரு படிவத்தில் பூப்படம்கூட வரைந்திருந்தார். பதினான்கு பேரில் ஒருவர்கூட ஒரு புகார் கொடுத்ததில்லை.

அவள் நிமிர்ந்து உட்கார்ந்தாள். நகராட்சியின் புகார்ப் பதிவை யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். தன் பெயரையே போட்டுத் தேடினாள். நாற்பத்திரண்டு புகார். குடிநீர், தெருவிளக்கு, நாய்த் தொல்லை, மறுபடியும் குடிநீர். நாச்சிமுத்துவின் பெயரைப் போட்டாள். அறுபத்தெட்டு! சாந்தமான மனிதராம்.

கோப்புகளை அள்ளிக்கொண்டு அவர் அறைக்குள் போனாள். கதவைத் தட்டவும் மறந்துவிட்டாள்.

"சார், போறவங்க எதுக்குங் சாக்கடையப் பத்திக் கவலப்படோணும்?"

"என்ன சொல்றீங்க?"

"பாருங். போன பதினாலு பேரும் ஒரு கொற சொல்லல. நாமதான் சொல்ல விடலையே! கடைசி வரைக்கும் விருந்தாளியாவே வெச்சிருந்து அனுப்பி வெச்சுட்டோம். விருந்துக்கு வந்தவங்க குழம்புல உப்பு இல்லைன்னு சொல்லுவாங்களா? நல்லாருக்குதுன்னு சொல்லிப்போட்டுக் கெளம்பீருவாங்க. வீட்டு ஆளுதான் சொல்லும். உங்க பேருல அறுவத்தெட்டு புகாருங் சார். நீங்க ஊர விட்டுப் போறீங்களா?"

நாச்சிமுத்து கண்ணாடியைக் கழற்றினார், துடைக்க மறந்து கையிலேயே வைத்திருந்தார். "தொண்ணூத்தி மூணு சதம் சரியாச் சொல்லுதே?"

"அது எல்லா ஊர்லயும் விருந்தாளிகளத்தான் பாத்திருக்குது. மொத ஏழு வாரம் அது சொன்னது சரிதானுங். அந்தம்மா நெசமாவே போற மனசுலதான் இருந்தாங்க. அதுக்கப்பறந்தான் அதுக்குப் புரியல."

"சரி, இத டெல்லிக்கு எப்பிடிச் சொல்றது? அவங்களுக்கு எண்ணுதான் வேணும்."

"பொறுப்புக் கையெழுத்துன்னு ஒண்ணு இருக்குதில்லீங்?"

அவர் திடுக்கிட்டார். விதிப்புத்தகத்தின் கடைசிப் பக்கத்தில் அப்படி ஒன்று இருந்தது. தங்குமானி சொல்வது தவறு என்று வரவேற்புப் பொறுப்பாளர் தன் பெயரில் கையெழுத்துப் போட்டு எழுதினால், வாரியம் அதை ஏற்கும். ஆனால் அந்த ஆள் பாதியில் போய்விட்டால் பொறுப்பாளருக்கு வேலை போய்விடும், இனி எந்த வட்டாரத்திலும் வேலை கிடையாது. நாட்டில் இருந்த அறுபது வட்டாரங்களில் இதுவரை ஒருவரும் அந்தக் கையெழுத்தைப் போட்டதில்லை.

"அம்மிணி, வேண்டாம். பதிமூணு வருச சர்வீஸு. ஒரு யூகத்த நம்பி..."

"ஹர்ஷலுக்கு யாராச்சும் ஒருத்தர் போட்டிருந்தா அவரு இங்க இருந்திருப்பாருங் சார்."

வெள்ளிக்கிழமை மதியம் இரண்டு மணிக்கு அவள் படிவத்தைத் திறந்தாள். பயமாக இருந்தது. அந்தப் பயத்தை மறைக்க அவள் முயலவும் இல்லை. வீட்டில் கணவரிடம் சொல்லியிருந்தாள். அவர் போட்டுவிடு என்று மட்டும் சொல்லியிருந்தார். 'எஸ்தர் ஞானசெல்வி இருபத்து நான்கு மாதங்களுக்குக் குறையாமல் தாராபுரத்தில் இருப்பார் என்பதற்கு நான் பொறுப்பு' என்று எழுதிக் கையெழுத்திட்டாள். கோணல்மாணலாக விழுந்தது. இரண்டு இருபதுக்கு அனுப்பினாள். வாரியம் பெற்றுக்கொண்டதாக ஒரு வரி வந்தது. திரையில் தங்குமானியின் எண் மட்டும் பழையபடி பெரிதாக நின்றது: மூன்று மாதம். ரகசியத்துக்காகப் பெயர் இருக்காது, ஒரு குறியீட்டு எண்தான் இருக்கும்.

நாலு மணிக்குக் கதவு படாரென்று திறந்தது. எஸ்தர் வந்தார். முழங்கால் வரை சேறு. கையில் ஒரு மனு.

"கோகிலா, மூணு தடவ எழுதிக் குடுத்தாச்சு. இன்னைக்கு ஒரு மழதான் பெஞ்சிருக்கு, தெரு முழுக்க நாறுது. நாலு வீட்டுல கையெழுத்து வாங்கியிருக்கேன். நீங்க..." பேசிக்கொண்டே வந்தவரின் கண் திரையில் விழுந்தது. கோகிலவாணி அதை மறைக்க எழுந்தாள். அதற்குள் அவர் பார்த்துவிட்டார்.

"இது அந்தத் தங்குமானிதானே? மூணு மாசமா? யாரு அது?"

கோகிலவாணி திரைக்கு முன்னால் நகர்ந்து நின்றாள். "ஒருத்தருங் மேடம். பேரு சொல்லக் கூடாதுங்க."

"பேரு எனக்கு எதுக்கு? மூணு மாசத்துல அவரு போயிட்டா அவரு வீடு காலியாகும்லா?"

"என்னங் மேடம்?"

எஸ்தர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். கோபம் எங்கே போனதென்று தெரியவில்லை. "திங்கக்கிழமையே எங்க வீட்டுக்காரர்ட்ட பேசிட்டேன். பிள்ளையள கூட்டிக்கிட்டு இங்க வந்துருங்கன்னுட்டேன். ரெண்டு நாளா யோசிச்சாரு, சரின்னுட்டாரு. பரீட்ச முடிய மூணு மாசம் இருக்கு. இப்ப இருக்க வீட்டுல நாலு பேரு கால நீட்டிப் படுக்க முடியாது. சின்னவ நாய் வளக்கணும்னு வேற சொல்லுதா. அந்த ஆளு காலி பண்ணுதாருன்னா எனக்குச் சொல்லி வையுங்க. நானே நேர்ல போயிப் பேசிக்கிடுதேன்."

கோகிலவாணிக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன. தண்ணீர் குடிப்பது போலத் திரும்பிக்கொண்டு முந்தானையால் கண்ணைத் துடைத்தாள்.

"அந்த வீடு உங்களுக்கு வேண்டாமுங் மேடம்."

"ஏன்?"

"சின்ன வீடுங். சாக்கடை வேற சரியில்ல."

"இந்த ஊர்ல எந்த வீட்டுலதான் சாக்கட சரியா இருக்கு?" என்றார் எஸ்தர்.

"அதோட, அவங்க காலி பண்ண மாட்டாங்களாட்ட இருக்குது."

"மூணு மாசம்னு போட்டிருக்கே?"

"அது கெடக்குதுங்க. நான் விசாரிச்சேன். நெறய வருசம் இருப்பாங்க."

எஸ்தர் உதட்டைப் பிதுக்கினார். "அப்ப எனக்கு வேற வீடு பாருங்க. அவ்வளவு நாள்லாம் என்னால காத்துக்கிட்டு இருக்க முடியாது." மனுவை மேசைமேல் வைத்துப் பேனாவை நீட்டினார். "மொதல்ல இதுல கையெழுத்துப் போடுங்க. வார்டு நம்பர மறக்காம எழுதுங்க. அது இல்லேன்னா நம்ம நகராட்சில திருப்பி அனுப்பிருவாங்க."